அக்ரிலிக் நகத்தின் மேல் போட்ட ஜெல் டாப் கோட் தாளாக உரிந்து வருகிறது, ஏன்?

பத்துவிரல்:

எல்லோருக்கும் வணக்கம். பவுடரையும் மோனோமர் என்ற திரவத்தையும் சேர்த்துப் போடுகிற அக்ரிலிக் நகம் எனக்கு ஓரளவு கைவந்துவிட்டது. பிரஷ்ஷில் எடுக்கும் உருண்டையின் ஈரம் சரியாக வருகிறது, வடிவம் பிடிக்கவும் தெரிகிறது, அடியில் லிஃப்டிங்கும் (அக்ரிலிக் நகத்தை விட்டுத் தூக்குவது) இப்போது பெரிதாக இல்லை. தொல்லையெல்லாம் அதற்கு மேல் போடுகிற ஜெல்லில்தான்.

நான் செய்வது இதுதான். அக்ரிலிக் இறுகியதும் ஃபைல் செய்து வடிவம் கொண்டுவருவேன், பஃபரால் வழவழப்பாக்குவேன், அப்புறம் ஷைனர் பிளாக் வைத்துப் பளபளப்பு ஏற்றி, க்யூட்டிக்கிள் ஆயில் தேய்த்துத் துடைத்துவிடுவேன் (அக்ரிலிக் ஃபினிஷ் அப்படித்தான் என்று கற்றுக்கொடுத்தார்கள்). அதன் மேல் நேராக ஜெல் டாப் கோட், எல்இடி லேம்பில் 60 விநாடி. கலர் வேண்டுமென்றால் நடுவில் கலர் இரண்டு கோட். போட்ட அன்றைக்குப் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். சில நாளிலேயே ஓரத்தில் லேசாகத் தூக்கும், தலைமுடி அதில் மாட்டும், அப்புறம் சும்மா இருக்க மாட்டாமல் நகத்தால் நெம்பினால் முழுசாக ஒரே தாளாகக் கையோடு வந்துவிடுகிறது. கட்டைவிரல்தான் எப்போதும் முதலில் போகும். அடியில் இருக்கிற அக்ரிலிக்குக்கு ஒன்றுமே ஆவதில்லை.

பேஸ் கோட் போடாததுதான் காரணமா? அக்ரிலிக் மேல் மறுபடி பிரைமர் (பிடிப்புக்காக முதலில் தடவுவது) போட வேண்டுமா? அக்ரிலிக் போட்ட உடனே ஜெல் போடலாமா, ஒரு நாள் விட வேண்டுமா? இன்னொன்று, கலர் அலுத்துவிட்டால் ஜெல்லை மட்டும் அசிட்டோனில் ஊறவைத்து எடுக்க வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தூரிகை:

பிரைமரையும் பேஸ் கோட்டையும் அப்புறம் பார்க்கலாம். நீங்கள் எழுதியதிலேயே காரணம் இருக்கிறது: ஷைனர் பிளாக்கும் ஆயிலும்.

உங்களுக்குக் கற்றுக்கொடுத்த முறை தப்பில்லை, ஆனால் அது ஜெல் போடாத அக்ரிலிக்குக்கு உரியது. ஜெல் டாப் கோட் பரவலாக வருவதற்கு முன்னால் அக்ரிலிக்குக்குப் பளபளப்பு தருவதே பஃபரும் எண்ணெயும்தான். இப்போது பளபளப்பைக் கொடுக்கப்போவது ஜெல். அதற்கு அடியில் இன்னொரு பளபளப்பு எதற்கு? ஜெல்லுக்குத் தேவை மங்கலான, கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் உள்ள, எண்ணெய்ப்பசை துளியும் இல்லாத மேற்பரப்பு. நீங்கள் அந்தக் கீறல்களையெல்லாம் தேய்த்து எடுத்துவிட்டு, போதாததற்கு எண்ணெயும் தடவி, அதன் மேல் ஜெல்லை ஒட்டச் சொல்கிறீர்கள். துடைத்தாலும் எண்ணெய் முழுசாகப் போகாது, பக்கவாட்டு மடிப்பிலும் க்யூட்டிக்கிள் ஓரத்திலும் தங்கிவிடும். அங்கேதானே முதலில் தூக்குகிறது?

சரி, என்ன செய்வது என்று பார்ப்போம். வடிவத்துக்கு 100 அல்லது 150 கிரிட் ஃபைல் (எண் கூடக்கூட நைசானது) எதுவானாலும் உங்கள் விருப்பம். ஆனால் முடிக்கும்போது 180-க்கு வந்து, கடைசியாக 240 பஃபரை எல்லா இடத்துக்கும் ஒரு முறை ஓட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் நுணுக்கமாகப் போக வேண்டாம். 100-ல் விட்டுவிட்டு நேராக டாப் கோட் போட்டாலும் ஆகாது, அந்தக் கோடுகள் ஜெல்லுக்கு அடியில் அப்படியே தெரியும், வெளிர் நிறங்களில் இன்னும் மோசம். வெளிச்சத்தில் நகத்தைச் சாய்த்துப் பாருங்கள். எங்கேயாவது ஒரு புள்ளி மினுங்கினால் அங்கே பஃபர் படவில்லை என்று அர்த்தம், பெரும்பாலும் க்யூட்டிக்கிளை ஒட்டிய வளைவில்தான் விட்டுப்போகும்.

அப்புறம் தூசி. அக்ரிலிக் தூசி ரொம்ப நைசானது, ஊதினால் போகாது, வாயிலிருந்து ஈரம்தான் சேரும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த, நூல் பிரியாத துணியால் துடையுங்கள். பஞ்சு வேண்டாம், இழை ஒட்டிக்கொள்ளும். தூசி தட்டும் அந்த பிரஷ்ஷை ஒரு தடவை முகர்ந்து பாருங்கள், முந்தின முறை தடவிய க்யூட்டிக்கிள் ஆயில் வாசம் வந்தால் எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். ஆயிலுக்கு ஒரு பிரஷ், தூசிக்கு ஒரு பிரஷ். ஆயில் பாட்டிலையே கடைசி டாப் கோட் முடியும் வரை திறக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. துடைத்த பிறகு விரலால் நகத்தைத் தொட்டுப் பார்க்கிற பழக்கமும் வேண்டாம், விரல் நுனியிலேயே எண்ணெய் இருக்கிறது.

காத்திருப்பது பற்றி: அன்றைக்கே போடலாம். பிரஷ் காம்பால் நகத்தைத் தட்டினால் ‘டக்’கென்று கெட்டியான சத்தம் வர வேண்டும், அது வந்துவிட்டால் ஃபைல் பண்ணலாம், ஃபைல் பண்ண முடிந்தால் ஜெல்லும் போடலாம். அக்ரிலிக் முழுசாக இறுக ஒன்றிரண்டு நாள் எடுக்கும் என்பது உண்மைதான், ஆனால் ஜெல் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

நிலாமுற்றம்:

தூரிகை அக்கா சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனாலும் பேஸ் கோட்டை அப்படித் தள்ளிவிட முடியாது அக்கா. நான் பேஸ் இல்லாமல் அடர் சிவப்பு போட்ட ஒரு செட்டை எடுத்தபோது அக்ரிலிக்கில் லேசாகக் கறை ஏறியிருந்தது. பேஸ் போட்டால் ஃபைல் கோடுகளும் நிரம்பிவிடும், கலரும் சீராக உட்காரும். எனக்கு அது இல்லாமல் மனசு கேட்காது.

தூரிகை:

நிலாமுற்றம், கலர் போடும்போது மெல்லிசாக ஒரு பேஸ் போடுவதில் எனக்கும் ஆட்சேபம் இல்லை. வெறும் டாப் கோட் மட்டும் போடுகிறவர்களுக்கு அது தேவையில்லை என்பதுதான் என் கட்சி. பேஸ் கோட்டின் முக்கிய வேலை இயற்கை நகத்தைப் பிடித்துக்கொள்வது. இயற்கை நகம் வளையும், தண்ணீர் குடித்து உப்பும், அப்புறம் சுருங்கும், அதோடு சேர்ந்து அசைய ஒரு அடுக்கு வேண்டும். அக்ரிலிக் அப்படி அசையாது. அதனால்தான் ஒழுங்காகத் தயார் செய்த அக்ரிலிக் மேல் ஜெல் பாலிஷ் வெறும் நகத்தில் நிற்பதைவிட அதிக நாள் நிற்கிறது. அதில் போய் சில நாளில் தாளாக உரிகிறது என்றால் பாட்டிலைக் குறை சொல்ல வேண்டாம், செய்முறையில்தான் தேட வேண்டும். ஆயில் மேல் பேஸ் கோட் போட்டால் பேஸோடு சேர்ந்து உரியும், அவ்வளவுதான்.

பிரைமரும் அப்படித்தான், அக்ரிலிக் மேல் வேலையில்லை. நகம் வளர்ந்து க்யூட்டிக்கிள் பக்கம் இயற்கை நகம் வெளியே தெரிகிறதென்றால் அந்த இடத்துக்கு மட்டும் டீஹைட்ரேட்டரும் (நகத்தின் ஈரத்தையும் எண்ணெயையும் எடுப்பது) பிரைமரும் போடுங்கள். ஆனால் இடைவெளி அவ்வளவு தெரிகிறதென்றால் அது ஃபில் பண்ண, அதாவது வளர்ந்த இடத்தை அக்ரிலிக்கால் நிரப்ப வேண்டிய நேரம், ஜெல்லால் மூடி மறைக்கிற நேரமில்லை.

பத்துவிரல்:

ரொம்ப நன்றி அக்கா, ஆயில் வாசம் பிரஷ்ஷில் நிஜமாகவே வருகிறது! ஒரு சந்தேகம் மட்டும். எண்ணெய்தான் காரணமென்றால் பத்து விரலும் ஒரே மாதிரி உரிய வேண்டுமே, கட்டைவிரல் மட்டும் ஏன் முந்திக்கொள்கிறது?

மங்கல்ஃபினிஷ்:

அது லேம்ப் சமாச்சாரம், நான் சொல்கிறேன். நான்கு விரலையும் கட்டைவிரலையும் ஒன்றாக உள்ளே வைத்தால் கட்டைவிரல் பக்கவாட்டில் சாய்ந்துதான் இருக்கும், மேலேயிருந்து வரும் வெளிச்சம் அந்த நகத்தின் ஒரு பக்கத்தில்தான் நன்றாகப் படும். நான்கு விரலை முதலில் க்யூர் செய்துவிட்டு (லேம்பில் ஜெல்லை இறுக வைத்துவிட்டு), இரண்டு கட்டைவிரலையும் சேர்த்துத் தனியாக, நகம் நேராக மேலே பார்க்கிற மாதிரி வைத்து க்யூர் செய்யுங்கள். நீங்கள் அதிகம் நெம்புவதும் அழுத்துவதும் கட்டைவிரலால்தான், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உரிந்த தாளை அடுத்த முறை தூக்கிப் போடாமல் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் கெட்டியாக, சுத்தமாக, வழவழவென்று இருந்தால் அது தயாரிப்புக் கோளாறு, அதாவது எண்ணெய் அல்லது பஃபர் படாத இடம். வெள்ளையாக மாவு ஒட்டியிருந்தால் தூசி. பிசுபிசுப்பாகவோ, மடக்கினால் ரப்பராக வளைந்தோ இருந்தால் க்யூர் ஆகவில்லை. தாளோடு சேர்ந்து அக்ரிலிக்கும் வந்திருந்தால் ஜெல்லை விட்டுவிடுங்கள், அக்ரிலிக்குக்கும் இயற்கை நகத்துக்கும் இடையில்தான் பிரச்சினை.

லேம்பைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த முடியாது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். அக்ரிலிக் தானாக இறுகும், ஏனென்றால் பவுடரில் இருக்கிற பென்சாயில் பெராக்சைடு மோனோமரோடு சேர்ந்ததும் வேலையைத் தொடங்கிவிடும். ஜெல்லுக்கு அந்த வேலையை வெளிச்சம்தான் செய்ய வேண்டும், அதுவும் அந்த ஜெல்லில் போட்டிருக்கிற ஃபோட்டோ இனிஷியேட்டருக்கு (வெளிச்சம் பட்டதும் இறுகலைத் தொடங்குகிற பொருள்) பொருந்துகிற அலைநீளம் வேண்டும். பழைய குழல் பல்பு யூவி லேம்புகள் 365 நானோமீட்டர் சுற்றி, எல்இடி லேம்புகள் பெரும்பாலும் 405 சுற்றி, சிலவற்றில் இரண்டும் இருக்கும். வாட் எண்ணைப் பார்த்து மட்டும் வாங்கினால் ஏமாந்துபோவோம். எந்த பிராண்டு ஜெல்லோ அவர்கள் சொல்கிற லேம்ப், அவர்கள் சொல்கிற நேரம், இதுதான் பாதுகாப்பான வழி. குழல் பல்புகள் நாளாவட்டத்தில் மங்கும், எரிகிறதே என்று வருடக்கணக்கில் ஓட்டக் கூடாது. இன்னொரு விஷயம், ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் டிபிஓ என்ற இனிஷியேட்டரை அழகுப் பொருட்களில் தடை செய்துவிட்டது, நிறுவனங்கள் ஃபார்முலா மாற்றிக்கொண்டிருக்கின்றன. பழகிய பிராண்டுதானே என்று பழைய நேரத்தையே வைக்காமல் புது பாட்டிலின் லேபிளைப் படியுங்கள்.

கோட் மெல்லிசாக இருக்க வேண்டும். கறுப்பு, அடர் நீலம், நிறமி நிறைய உள்ள வெள்ளை, இவையெல்லாம் வெளிச்சத்தை மேலேயே தடுத்துவிடும், மேல் தோல் இறுகி அடி ஈரமாகவே இருக்கும், நகத்தின் மேல் சுருக்கம் விழுவது இதனால்தான். தடிமனாக ஒன்று போடுவதற்குப் பதில் மெல்லிசாக மூன்று போடுங்கள். டாப் கோட்டை நகத்தின் நுனி விளிம்பிலும் ஒரு இழுப்பு இழுத்து மூடிவிடுங்கள். க்யூட்டிக்கிள் பக்கம் தோலில் படாமல் ஒரு மயிரிழை இடைவெளி விடுங்கள், தோலில் வழிந்த ஜெல்தான் தூக்குவதற்கு முதல் வாசல்.

டாப் கோட் நோ-வைப் (துடைக்கத் தேவையில்லாத) வகை இல்லையென்றால் க்யூர் ஆன பிறகும் மேலே ஒரு பிசுபிசுப்பு இருக்கும், காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த மெல்லிய அடுக்கை இறுக விடுவதில்லை. அது வேகவில்லை என்று நினைத்து மறுபடி லேம்பில் வைப்பவர்கள் இருக்கிறார்கள், வேண்டாம். கொஞ்சம் ஆறவிட்டு ஆல்கஹாலால் துடையுங்கள், சூட்டோடு துடைத்தால் பளபளப்பு மங்கும். துடைக்கும்போது தோலில் இழுத்துப் பூசாமல் துடையுங்கள்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், க்யூர் ஆகாத ஜெல்லும் அக்ரிலிக் மோனோமரும் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வரும். பிரிட்டனின் தோல் மருத்துவர் சங்கம் 2018-இல் இதைப் பற்றி வெளிப்படையாகவே எச்சரித்தது. ஒரு தடவை ஒவ்வாமை வந்துவிட்டால் பொதுவாக ஆயுசுக்கும் போகாது, பிற்பாடு பல்லுக்கும் மூட்டுக்கும் மருத்துவர் பயன்படுத்துகிற சில பொருட்கள்கூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம், அவற்றிலும் இதே குடும்பத்து ரசாயனம் இருக்கிறது. நகத்தைச் சுற்றி அரிப்பு, சிவப்பு, சின்னக் கொப்புளம் வந்தால் பிராண்டை மாற்றிப் பார்க்காதீர்கள். போட்டதை எடுத்துவிட்டுத் தோல் மருத்துவரிடம் போங்கள். அடுத்தவர் கைக்கும் போடுகிறீர்கள் என்றால் நைட்ரைல் கையுறை வேண்டும், ஜெல்லோ மோனோமரோ பட்டதும் அதை மாற்ற வேண்டும், அது நாள் முழுக்கத் தாங்காது.

நிலாமுற்றம்:

எடுக்கிற கேள்விக்கு யாருமே பதில் சொல்லவில்லையே! நான் சொல்கிறேன். ஜெல்லை மட்டும் அசிட்டோனில் எடுக்க முடியாது. ஜெல் பாலிஷ் இளகுகிற அதே நேரத்தில் அடியில் அக்ரிலிக்கும் கொழகொழவென்று ஆகிவிடும், அப்புறம் இரண்டையும் எடுக்க வேண்டியதுதான். 180 ஃபைலால் மேலிருந்து தேய்த்து எடுங்கள், கலர் மெலிந்து அக்ரிலிக் தெரிய ஆரம்பித்ததும் நிறுத்துங்கள். தூசிக்கு முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். ஃபில்லுக்கு உட்காரும்போது எப்படியும் ஃபைல் பண்ணத்தானே போகிறோம், அதனால் நான் கலர் மாற்றுவதையும் ஃபில்லையும் ஒன்றாகவே வைத்துக்கொள்வேன். அடிக்கடி கலர் மாற்றுகிற ஆசை இருந்தால் ஜெல் டாப் கோட் மட்டும் போட்டுவிட்டு, அதன் மேல் சாதாரண நெயில் பாலிஷ் போடுங்கள், அசிட்டோன் இல்லாத ரிமூவரால் அழகாகத் துடைத்துவிடலாம், அடியில் இருக்கிற பளபளப்பும் போகாது.

பத்துவிரல்:

எல்லோருக்கும் நன்றி, இந்தக் கடைசி யோசனை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. இப்போதைய நிலவரம்: இடது கையில் இரண்டு நகத்தில் பாதி உரிந்து பாதி கெட்டியாக நிற்கிறது. உரிந்த இடத்தில் மட்டும் ஜெல் போட்டு ஒட்டுப்போடலாமா, முழுசாக எடுக்க வேண்டுமா?

தூரிகை:

உரிந்த இடத்தில் மட்டும் ஊற்றினால் படி மாதிரி ஒரு விளிம்பு நிற்கும், அங்கேயே மறுபடி தூக்கும். தூக்கிய ஓரத்தை இழுக்காதீர்கள். 180 ஃபைலை வைத்து, நிற்கிற ஜெல்லின் விளிம்பு அக்ரிலிக்கோடு கலந்து கண்ணுக்கே தெரியாமல் போகும் வரை தேயுங்கள். கெட்டியாக ஒட்டியிருக்கிற ஜெல்லை முழுக்க எடுக்க வேண்டியதில்லை, அதன் பளபளப்பு போனால் போதும். ஆனால் உங்கள் விஷயத்தில் அடியில் ஆயில் இருக்கிறது, அதனால் அந்த இரண்டு நகத்திலும் அக்ரிலிக் வரை எடுத்துவிடுவதுதான் நல்லது என்பேன். எடுத்த பிறகு அக்ரிலிக்குக்கு அடியில் எங்காவது பச்சையாக ஒரு நிழல் தெரிந்தால் அதன் மேல் எதையும் போட வேண்டாம். அது இடைவெளியில் ஈரம் தங்கி பாக்டீரியா வளர்ந்த அடையாளம். அந்த நகத்தில் இருப்பதை முழுவதுமாக எடுத்துவிட்டு, சரியாகும் வரை சும்மா விடுங்கள், மருத்துவரிடமும் காட்டுங்கள். அப்படி ஒன்றும் இல்லையென்றால் 240 பஃபர், ஆல்கஹால், டாப் கோட், கட்டைவிரல் தனியாக.