தோட்டத்து அரிவாளைத் தீட்ட வழி சொல்லுங்கள்

வணக்கம். அப்பா வைத்துவிட்டுப் போன அரிவாள் ஒன்று என்னிடம் இருக்கிறது. பல் பல்லான கருக்கு இல்லாத, வழவழப்பான வாய். முன்பு தென்னை மட்டையை ஒரே வெட்டில் இறக்கும். இப்போது வாழைத் தாரைக் கூட நசுக்குகிறது. சாணை பிடிப்பவர் எங்கள் தெருவுக்கு வந்து பல மாதங்கள் ஆகின்றன.

வீட்டில் இருப்பவை ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் மென்மையுமான சாணைக்கல், ஒரு தட்டை அரம், உப்புத்தாள், அவ்வளவுதான். சிக்கல் உள்வளைவில். தட்டையான கல்லின் விளிம்பு மட்டுமே அங்கே படுகிறது, முகம் படுவதில்லை. நுனிப்பக்கம் கூர் ஏறிவிட்டது, நடுவளைவு மழுங்கியே நிற்கிறது. அரத்தால் தேய்த்ததில் ஓரிடத்தில் பள்ளம் விழுந்துவிட்டது. அது எனக்குப் பெரிய வருத்தம்.

குழாய்த் துண்டில் 400 எண் உப்புத்தாளைச் சுற்றித் தேய்க்கலாமா, அரைவட்ட அரம் வாங்குவதே நல்லதா? வாயின் பழைய சரிவை மாற்றாமல் பிடிக்க என்ன செய்வீர்கள்? மறுபுறம் எழும் பிசிறை எப்படி எடுப்பது? மின்சாணையில் கொடுக்க மனம் வரவில்லை, சூடேறினால் இரும்பின் பதம் போய்விடும். கையால் தீட்டிப் பழகியவர்கள் சொன்னால் அப்படியே செய்து பார்க்கிறேன்.