பரம்பிக்குளத்து டிராமும் பால்டி ஊரும்

ஊர்ச்சனத்துக்கு வணக்கமுங்க.

பரம்பிக்குளத்துத் தேக்கைச் சாலக்குடிக்கு இறக்கின டிராம், அதாவது காட்டு ரயில் பத்திப் பெரியப்பா போன வாரம் எழுதியிருந்தார். படிச்சதுல இருந்து கை குறுகுறுத்துட்டே இருக்குது. நான் குடியிருக்கிற கனடாவோட வான்கூவர் தீவுல அந்த டிராமுக்கு அண்ணன் தம்பி நிறையங்க.

இங்கே டக்ளஸ் ஃபர்னு ஒரு மரம். பழைய அடிமரத்தை நாலு பேர் கைகோத்தாலும் வளைக்க முடியாது. ஆரம்பத்துல குறுக்கே கட்டை அடுக்கி, வழுக்கறதுக்கு மீன் எண்ணெய் தடவி, மாடு பூட்டி இழுத்திருக்காங்க. கடலோரத்து மரம் தீர்ந்து காட்டுக்குள்ள போகப் போக மாட்டால ஆகலை, தண்டவாளம் போட்டாங்க. மேட்டுலயும் வளைவுலயும் சாதா எஞ்சின் வழுக்கும். அதுக்குன்னே வந்தது ஷே எஞ்சின். பக்கவாட்டுல ஒரு தண்டு, அதுல பல்சக்கரம், அதனால எல்லாச் சக்கரமும் சேர்ந்து இழுக்கும். ஆமை வேகந்தான், ஆனா ஏறிரும். ஒரு பள்ளத்தாக்குல மரம் தீர்ந்தா தண்டவாளத்தைப் பேத்து அடுத்ததுல போட்டுக்குவாங்க.

கின்சால் பாலம்னு ஒண்ணு இருக்குது. முழுக்க மரம். 1920-ல முடிச்சது, 44 மீட்டர் உயரம், 188 மீட்டர் நீளம். கடைசி ரயில் 1979-ல. செப்பனிட்டு 2011-ல நடைபாதையா திறந்துட்டாங்க. நடுவுல நின்னு கீழே ஆத்தைப் பார்த்தா உள்ளங்கால் கூசும்.

எனக்கு உறுத்தறது வேற. 1886-ல முடிஞ்ச எஸ்குவைமால்ட் - நனைமோ ரயில் பாதைக்காக டன்ஸ்மியர் கம்பெனிக்குச் சுமார் 20 லட்சம் ஏக்கர் எழுதிக் குடுத்தாங்க. தீவுல கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு. காலங்காலமா அங்கேயே இருந்த பூர்வகுடி சனத்தை ஒரு வார்த்தை கேக்கலை.

இப்ப நம்ம குழுவுக்குன்னே ஒரு சேதி. இந்தத் தீவுல டங்கன்ங்கிற ஊர்ப் பக்கத்துல மாயோ சிங்னு ஒரு பஞ்சாபிக்காரர் 1917 வாக்குல மர ஆலை போட்டார். காட்டுக்குள்ள சொந்த ரயிலும் ஓட்டினார். அந்த ஊருக்கு முதல்ல அவர் பேருதான், மாயோ. 1936-ல அதை மாத்தி, ஹோஷியார்பூர்ப் பக்கம் இருந்த தன் சொந்த ஊர்ப் பேரை வெச்சுட்டார்: பால்டி. சீக்கியர், சீனர், ஜப்பானியர் எல்லாம் ஒரே ஊர்ல குடியிருந்தாங்க. ரெண்டாம் உலகப் போர் சமயம், 1942-ல கடலோரத்து ஜப்பானியரையெல்லாம் அரசாங்கம் பிடிச்சு உள்நாட்டுக்கு அனுப்பினப்ப பால்டி ஜப்பானியரும் போயிட்டாங்க. பின்னால ஆலையும் நின்னுது, தண்டவாளமும் போச்சு. குருத்வாரா மட்டும் இருக்குது. வருசா வருசம் ஜூலை வாக்குல மேளான்னு எங்கெங்கேயோ இருந்து வந்து கூடறாங்க, நம்ம ஊர் நோம்பிக்கு வர்றாப்புல.

லாரி வந்ததும் மர ரயில் ஒவ்வொண்ணா நின்னுது. கடைசியா வடக்கே ஓடினது எங்கிள்வுட் பாதை. 2017 ஏப்ரல்ல மரம் ஏத்தின பெட்டிங்க கழண்டு சரிவுல உருண்டு வந்து மூணு தொழிலாளிங்க செத்துட்டாங்க. அந்த வருசக் கடைசியில அதையும் மூடிட்டாங்க.

நம்ம பக்கத்து டிராம் தண்டவாளத் துண்டு யார் வீட்டுத் தாழ்வாரத்துலயாவது உத்தரமா கிடந்தா ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க. அப்பாரு காலத்துல அப்படிக் கிடந்ததா கேட்ட ஞாபகம்.