டால்பின் பானெட்டும் ஒரு லிட்டர் ரிமூவரும்

குழு: கொட்டகை வண்டிக

முத்து: அம்மான், கொட்டகையில நிக்கிற சிபானி டால்பின் காருக்கு மறு பெயிண்ட் அடிக்கணும். மேல மூணு நாலு பூச்சு ஏறிக் கெடக்கு, பானெட்டுல செதில் செதிலா உரியுது. பெயிண்ட் ரிமூவர் ஒரு லிட்டர் வாங்கியாச்சு. பூசி எத்தனை நிமிசம் விடணும்?

பள்ளத்தூர் அம்மான்: பூசிராத. மூடியே திறக்காத.

பள்ளத்தூர் அம்மான்: அது தகர வண்டிக்கு உள்ளது. டால்பின், இங்கிலாந்து ரிலையன்ட் கிட்டனைப் பார்த்து பெங்களூர்ல செஞ்ச வண்டி. கீழே இரும்பு சேஸி, மேல முழுக்க ஃபைபர், அதாவது கண்ணாடி நாரை பாலியெஸ்டர் ரெசின்ல இறுக்குனது. அந்த மாதிரி ரிமூவர்ல பெரும்பாலும் மெத்திலீன் குளோரைடு இருக்கும். பெயிண்ட்டு எது, பாலியெஸ்டர் ரெசின் எதுன்னு அதுக்குத் தெரியாது, ரெண்டையும் இளக்கும்.

முத்து: உடனே தண்ணி ஊத்திக் கழுவிட்டா?

பள்ளத்தூர் அம்மான்: மேல உள்ளதுதான் போகும். ஜெல்கோட்டுல, அதான் நாருக்கு மேல உள்ள ரெசின் தோலுல, முடி இழை மாதிரி வெடிப்பு இருக்கும்ல, அது வழியா உள்ளே இறங்கினது தங்கிரும். புது பெயிண்ட் அடிச்சு வெயில்ல நிறுத்துறப்ப கொப்புளமா எழும்பும். சேஸி, வீல் ரிம், கழட்டின கதவுக் கீலு, இதுக்கு மட்டும் அந்த ரிமூவரை வச்சுக்க. ஃபைபர் பக்கத்துல வச்சுப் பூசாத.

முத்து: அப்ப ஹீட் கன்?

கானாடுகாத்தான் அண்ணன்: வேணாம் தம்பி. சாதா பாலியெஸ்டர் ரெசின் 70, 80 டிகிரியிலயே தளர ஆரம்பிச்சிரும். ஹீட் கன் வாயில 300க்கு மேல வரும். பெயிண்ட் இளகுறதுக்குள்ள பானெட் நெளிஞ்சு போகும். மணல் ப்ளாஸ்ட்டும் கூடாது, ஜெல்கோட்டைத் தின்னுட்டு நாரை வெளிய கொண்டாந்துரும். கிரைண்டர்ல ஃப்ளாப் டிஸ்க் போடலாம்னு யாராச்சும் சொன்னா காதுலயே வாங்காத.

வள்ளி ஆச்சி: எல்லாம் வேணாம்னா எதை வச்சுத்தான் எடுக்குறது?

கானாடுகாத்தான் அண்ணன்: பிளேடும் உப்புத்தாளும்தான் ஆச்சி. கை வலிக்கும், வேற வழியில்ல.

கானாடுகாத்தான் அண்ணன்: முத்து, தேய்க்கிறதுக்கு முன்னாடி சோப்புத் தண்ணியில கழுவிக் காயவச்சிட்டு, வாக்ஸ் கிரீஸ் ரிமூவரால துடைச்சிரு, இது பெயிண்ட் ரிமூவர் இல்ல, மெழுகு பிசுக்கு எடுக்குறது. ஒரு துணியில நனைச்சுத் துடை, ஈரம் காயுறதுக்குள்ள வேற துணியால ஒத்தி எடு. பழைய பாலிஷ்ல உள்ள சிலிக்கானை விட்டுட்டுத் தேய்ச்சா அது கீழே இறங்கிரும். அப்புறம் புது பெயிண்ட் அங்கங்க வட்டம் வட்டமா விலகி நிக்கும். எத்தனை கோட்டு அடிச்சாலும் மூடாது.

பள்ளத்தூர் அம்மான்: அடுத்து, கண்ணுக்குப் படாத ஒரு மூலையில 180 நம்பர் தாளால ஒரு ரூபா அளவுக்குத் தேய்ச்சுப் பாரு. மேல் கலர், அதுக்கடியில பழைய கலர், பட்டி, பிரைமர், கடைசியில ஜெல்கோட்டுன்னு வளையம் வளையமாத் தெரியும். எங்க நிறுத்தணும்னு அந்த வட்டமே சொல்லிரும். அடிப் பிரைமர் கெட்டியாப் பிடிச்சிருந்தா அதோட நில்லு. ஜெல்கோட்டு அரை மில்லிமீட்டர் கனம்தான், அதைத் தாண்டிட்டா நாரு.

முத்து: பானெட்டுல உரியுற இடம்?

கானாடுகாத்தான் அண்ணன்: அங்க மட்டும் ஸ்கிரேப்பர். பிளேடோட ரெண்டு முனையையும் அரத்தால லேசா உருட்டிக்க, இல்லாட்டி முனை கீறிரும். பிளேடைப் படுக்க வச்சுத் தள்ளணும். தூக்கிப் பிடிச்சா குத்தும். மழுங்கினா மாத்திரு. மழுங்கின பிளேடை அழுத்துறப்பதான் நழுவிப் பள்ளம் விழுகும்.

கானாடுகாத்தான் அண்ணன்: மிச்சத்துக்கு டிஏ சாண்டர், வட்டமா ஆடிச் சுத்தித் தேய்க்கிற மெஷின். கனமான பூச்சுல மட்டும் 80 நம்பர் தாள், நம்பர் கொறைஞ்சா தாள் முரடு. பழைய கலர் இன்னும் மிச்சம் இருக்கையிலயே 80ஐ நிறுத்திட்டு 120க்கு மாறு, பிறகு 180. எபாக்ஸி பிரைமருக்கு 180, 240 போதும். வழுவழுன்னு இழைச்சா பிரைமருக்குப் பிடிப்பு கெடைக்காது. விளிம்பு, பாடி லைன் மேலயெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டிரு. அங்க மெஷின் போகக்கூடாது, கடைசியில டேப்பை உரிச்சிட்டுக் கையால ரெண்டு இழுப்பு.

பள்ளத்தூர் அம்மான்: தண்ணி விட்டுத் தேய்ச்சா தூசி பறக்காதே அப்பா. வாட்டர் பேப்பரே போட்டுரலாமே?

கானாடுகாத்தான் அண்ணன்: ஜெல்கோட்டு முழுசா உள்ள இடத்துல சரி அம்மான். வெடிப்பு உள்ள இடம், நாரு தெரியுற இடத்துல தண்ணி ஆகாது. நாரு வழியா ஊறி உள்ள போனா லேசுல காயாது. அங்க உலர் தேய்ப்புதான், சாண்டரோட வாக்குவம் மாட்டிக்கிறணும்.

பள்ளத்தூர் அம்மான்: அதுவும் சரிதான்.

வள்ளி ஆச்சி: புள்ளைக வளவுல விளையாடுதுக. இந்தத் தூசி?

பள்ளத்தூர் அம்மான்: வீட்டுக்குள்ள வேணவே வேணாம். கொட்டகைக்கு வெளிய, காத்து வீட்டுப் பக்கம் அடிக்காத நேரமாப் பார்த்து. பழைய மஞ்சள், சிவப்புப் பெயிண்ட்டுல ஈயம் இருக்கலாம். கீழே பாலித்தீன் விரிச்சு, சேர்ந்ததைச் சுருட்டிக் கட்டிரணும், வெளக்குமாத்தால கூட்டக்கூடாது. என்95 மாஸ்க், கண்ணாடி, முழுக்கைச் சட்டை. நாரு மேல பட்டா அரிக்கும், தேய்க்காம பச்சைத் தண்ணி ஊத்திக் கழுவணும். அந்தத் துணியைத் தனியாத் துவைங்க.

முத்து: ஹெட்லைட் பக்கத்துல நட்சத்திரம் மாதிரி வெடிப்பு இருக்கு. பட்டி போட்டு அடைச்சிரவா?

கானாடுகாத்தான் அண்ணன்: சும்மா பட்டி போட்டா அதே கோடு மறுபடி மேல தெரியும். வெடிப்பை V மாதிரி அகட்டி, அழுத்தினா ஆடுதான்னு பாரு. ஆடினா உள்பக்கம் தேய்ச்சிட்டு சாப்டு ஸ்ட்ராண்டு மேட், அதான் கண்ணாடி நாரு விரிப்பு, சதுர மீட்டருக்கு 300 கிராம் உள்ளது ரெண்டு அடுக்கு, ரெசின்ல நனைச்சு ஒட்டணும். 100 கிராம் ரெசினுக்கு ஹார்டனர் 1 மில்லி. நம்ம ஊரு வெயிலுக்கு 2 மில்லி ஊத்தினா டப்பாவுலயே கட்டியாயிரும். காலையில வெயில் ஏறுறதுக்குள்ள கலக்கு.

பள்ளத்தூர் அம்மான்: கோபால்ட்டு கலந்த ரெசினாவே கேட்டு வாங்கு, ரெசின் இறுகுறதை வேகப்படுத்துறது அதுதான். தனியா வாங்கினா முதல்ல ரெசின்ல கோபால்ட்டைக் கலக்கி முடிச்சிட்டுத்தான் ஹார்டனர். ரெண்டையும் நேரா சேர்த்தா வெடிச்சிரும், இது விளையாட்டு இல்ல. கலக்குறதை ஆத்தங்குடிக் கல்லு மேல வச்சுச் செய்யாத, சொட்டினா கறை போகாது.

முத்து: சரிங்க அம்மான். பிரைமர் நானே அடிக்கவா?

கானாடுகாத்தான் அண்ணன்: எபாக்ஸி ரெண்டு கோட்டு நீயே அடிக்கலாம், ஆனா என்95 அதுக்கு ஆகாது. கார்பன் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் மாட்டிக்க. ஹார்டனர் கலந்து அடிக்கிற 2கே டாப் கோட்டை மட்டும் பெயிண்ட் பூத்துல குடுத்துரு, அதுல நுரையீரலைக் கெடுக்குற ஐசோசயனேட் இருக்கு. பிரைமர் காஞ்சதும் வெளக்கைச் சாய்ச்சுப் பிடி. ஊசி முனை ஓட்டை நிறையத் தெரியும், ஃபைபர்ல அது வழக்கம். அதுக்கு ஃபைன் பட்டியை ஸ்க்வீஜியால, அதான் ரப்பர் தகட்டால, குறுக்குவாட்டுல இழு, காஞ்சதும் 320 போட்டுட்டு வண்டியைப் பூத்துக்குக் கொண்டு போ.