மாவு டப்பாவோடு போய் வேன் பார்த்த கதை: பழைய சின்ன வண்டி வாங்கியவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

கோவை மாவுக்காரன்

ஆறு வருடமாக இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறேன். டிவிஎஸ் எக்ஸெல்லில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு டப்பா கட்டிக்கொண்டு ஓடியது போதும், இனி நாலு சக்கரம்தான் என்று முடிவு செய்து பழைய வேன் தேடினேன். மொத்தம் பதினொரு வண்டி பார்த்தேன்.

முதல் ஐந்தை எல்லோரும் பார்க்கிற மாதிரியே பார்த்தேன். டயர், பெயிண்ட், புகை, செல்ஃப் எடுக்கிறதா, எத்தனையாவது ஓனர். ஆறாவதுக்குக் கிளம்பும்போது வீட்டில், "சும்மா கண்ணால அளந்துட்டு வராதீங்க, டப்பாவைத் தூக்கிட்டுப் போங்க" என்றாள். எனக்கே கொஞ்சம் கூச்சம்தான், இருந்தாலும் 20 லிட்டர் காலி டப்பா இரண்டையும் இஞ்ச் டேப்பையும் எடுத்துப் போனேன். புரோக்கர் சிரித்தார். அது கேஸ் கிட் மாட்டிய மாருதி ஆம்னி வேன். டிக்கியைத் திறந்தால் சிலிண்டர் குறுக்கே படுத்திருக்கிறது, அதிலேயே ஒரு வரிசை டப்பா போச்சு. மிச்ச இடத்தில் பார்த்தால் சக்கரத்துக்கு மேலே தகடு இரண்டு பக்கமும் மேடாக உள்ளே வந்து நிற்கிறது, டப்பா சமமாக உட்காரவே இல்லை. வெளியிலிருந்து பார்த்தபோது கல்யாண மண்டபம் மாதிரி தெரிந்த வண்டி அது! அதற்கப்புறம் புரோக்கர் சிரிக்கவில்லை.

இன்னொன்று, எங்கள் தொழிலுக்கு மட்டும். ஆம்னிக்கும், மாருதியின் இன்னொரு வேனான ஈகோவுக்கும் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில். ஓட்டுகிறவருக்குப் பின்பக்கம் சுடும் என்பது ஊருக்கே தெரியும், மாவுக்கும் சுடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நண்பரின் ஆம்னியை ஒரு மே மாதக் காலையில் வாங்கிக்கொண்டு போய் 5 மணியிலிருந்து 11 மணி வரை கடை கடையாக லைன் போட்டேன். சீட்டுக்குப் பின்னால் ஒட்டி வைத்த டப்பாவின் மூடி பூரி மாதிரி உப்பி, ஓரத்தில் மாவு நுரைத்து வழிந்து, மூடியைத் திறந்ததும் புளித்த வாடை மூக்கில் ஏறியது. அதே நேரம் அரைத்த மாவு, டிக்கிக் கதவுப் பக்கம் இருந்த டப்பாவில் அப்படியே இருந்தது. ஒரு டப்பா நஷ்டம், ஆனால் அந்தப் பாடம் மலிவுதான்.

கடைசியில் வாங்கியது ஈகோ, பின் சீட் இல்லாமல் சரக்குக்கென்றே வந்த மாடல். நடுவில் ஒரு வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கப் பார்த்து தப்பித்தேன், அதுவும் ஈகோதான், ஆனால் ஐந்து சீட் சொந்த வண்டி, சீட்டைக் கழற்றிவிட்டு "கார்கோ" என்று விற்கிறார்கள். ஆர்.சி.யில் சீட் 5, பின்னால் வெறும் தகடு. விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பிடிக்கிற பிடி அதுதான். வெள்ளை போர்டு (சொந்த வண்டி நம்பர் பிளேட்), எஃப்.சி. (தகுதிச் சான்று) தொல்லை இல்லை என்று ஆசை காட்டினார்கள், வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

இனி மற்றவர்கள் சொல்லுங்கள்.

ஒட்டன்சத்திரம் தக்காளி லோடு

தம்பி, டப்பாவோடு போனது ரொம்ப சரி. ஆனால் உனக்கு இடம்தான் கணக்கு, எனக்கு எடை. 2005இல் டாடா ஏஸ் வந்ததிலிருந்து இந்தப் பக்கம் குட்டியானைதான் எங்களுக்கு எல்லாம், நான் இரண்டு பழைய ஏஸ் வாங்கி ஓட்டியிருக்கிறேன். பழைய ஏஸின் தொட்டி 7 அடிக்குக் கொஞ்சம் மேல் நீளம், 5 அடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம். என் பெட்டி 54க்கு 36 சென்டிமீட்டர். ஓர் அடுக்குக்கு 16 பெட்டி கச்சிதமாக உட்காரும், மூன்று அடுக்கு 48. பெட்டிக்கு 14 கிலோ தக்காளி என்றால் 672 கிலோ, காலிப் பெட்டியே ஒன்று கிட்டத்தட்ட 2 கிலோ வரும், அதையும் கூட்டினால் 768. வண்டிக்குச் சொன்ன பாரமோ 750. நாலாவது அடுக்குக்கு மேலே வானம் முழுக்க இடம் இருக்கிறது, ஏற்றலாம், எல்லோரும் ஏற்றுகிறோம், அதனால்தான் பழைய வண்டி வாங்கும்போது குனிந்து, பாரம் தாங்குகிற கமான் பட்டையைப் பார்க்கச் சொல்கிறேன். கூடுதலாகப் பட்டை சேர்த்திருந்தால் அந்த வண்டி வாழ்ந்த வாழ்க்கை தெரிந்துபோகும். சேஸில் வெல்டிங் வைத்து மேலே புதுசாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தால் டீ மட்டும் குடித்துவிட்டு வந்துவிடு.

எந்த வண்டி என்றாலும் ஆர்.சி.யில் காலி எடை, மொத்த எடை இரண்டும் போட்டிருக்கும். கழித்துப் பார். புரோக்கர் வாயில் வருகிற டன் கணக்கு வேறு.

என் முதல் வண்டியில் மாட்டியது வேறு விஷயம். பர்மிட் மாற்றணும் என்று தனியாகப் பணம் வாங்கினார் ஒருத்தர். மொத்த எடை 3000 கிலோவுக்குள் இருக்கிற சரக்கு வண்டிக்கு பர்மிட்டே வேண்டாம் என்று அப்போது எனக்குத் தெரியாது. எஃப்.சி.யும் பார்த்துக்கொள். எட்டு வருடம் வரைக்கும் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, அதற்கு மேல் வருடா வருடம். எட்டைத் தாண்டிய வண்டியை "எஃப்.சி. இப்பத்தான் எடுத்தது" என்று சொன்னால் எந்த மாதம் என்று கேள். லோன் போட்ட வண்டியா இருந்தால் ஃபைனான்ஸ்காரர் தருகிற என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை என்கிற கடிதம்), ஆர்.சி.யிலிருந்து கடன் பதிவை நீக்குகிற படிவம் 35உம் கையில் வராமல் முழுப் பணத்தைக் கொடுக்காதே.

மதுரை சமையல் அக்கா

நான் கல்யாண ஆர்டர் எடுக்கிறேன். வண்டி பார்க்கப் போனால் நான் கேட்கிற கேள்விக்கு என் கூட வந்த தம்பியைப் பார்த்துப் பதில் சொல்கிறார்கள், அதை விடுங்கள்.

எனக்கு இடமும் இல்லை, எடையும் இல்லை, வாசல்தான் பிரச்சினை. உள்ளே நிற்கிற அண்டா கதவு வழியாக நுழையாது. பக்கவாட்டுக் கதவில் சாய்த்து உருட்டினால் காது இடிக்கும், டிக்கி வழியாக என்றால் விளிம்பு மேலே தட்டும். பெரிய அண்டாவையே ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய்க் காட்டினேன், மூடிய வண்டி நாலில் ஒன்றில்கூட சாம்பார் அண்டா போகவில்லை. பேசாமல் குட்டியானை எடுத்துத் தார்ப்பாய் போட்டுக்கொண்டேன். மழை நாளில் சாதத்தை மூடுவது பெரிய பாடு, அண்டாவை ஏற்றுவது சுலபம்.

மாவுக்காரத் தம்பி, முன் சீட் சூட்டுக்கு என்ன செய்தீர்கள்?

கோவை மாவுக்காரன்

அக்கா, சீட்டுக்குப் பின்னால் பிளைவுட் பலகை நிறுத்தி, இடையில் தெர்மாகோல் கொடுத்திருக்கிறேன். சூடு குறைந்திருக்கிறது, போகவில்லை. அதனால் அந்த வரிசையில் திரும்பி வருகிற காலி டப்பா மட்டும்தான். முதல் நடைக்கு அங்கே எதுவும் இல்லாமல் போவது வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கிறது, இப்போது கடைக்காரர் ஒருத்தர் தேங்காய் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார், அதை அங்கே போடலாம் என்று பார்க்கிறேன்.

அண்ணே, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு ஆர்.சி.யை எடுத்துக் கழித்துப் பார்த்தேன். என் கணக்குக்கு நாலு டப்பா குறைக்க வேண்டும்.