ஃபிளீஸ் அடித்துணி வைத்த குவில்ட் நெளிகிறது: பிரிப்பதா, தொடர்வதா?

கேள்வி (வெள்ளவத்தை)

ரொறன்ரோவில் இருக்கும் தங்கையின் மகனுக்காக, அம்மாவின் பழைய பருத்திச் சேலைகளையும் புறக்கோட்டை கெய்சர் வீதியில் வாங்கிய புதுத் துணிகளையும் சதுரங்களாக வெட்டி, 54 அங்குல அகலமும் 64 அங்குல நீளமும் கொண்ட குவில்ட் (அடுக்குத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை) ஒன்றைத் தைத்து வருகிறேன். மேல்துணி பிசகின்றி அமைந்தது. அங்குள்ள குளிரை எண்ணி, அடிப்பக்கத்துக்குப் பருத்திக்குப் பதிலாக 60 அங்குல அகலமுள்ள நீல ஃபிளீஸில் 2 யார் எடுத்தேன். நடுவே பருத்திப் பஞ்சு விரிப்பையும் வைத்தேன்.

பருத்தி அடித்துணிக்குச் செய்வதைப் போலவே ஃபிளீஸைச் சீமெந்துத் தரையில் விரித்து, சுருக்கமே தெரியாதபடி நான்கு பக்கமும் விறைப்பாக இழுத்து ஒட்டுநாடாவால் ஒட்டிய பின்னரே மற்ற இரண்டையும் மேலே பரப்பிச் சேஃப்டி பின் குத்தினேன். நாடாவைக் கழற்றியதும் மேல்துணியில் சிறு மடிப்புகள் எழுந்தன. தைத்தால் அடங்கிவிடும் என்று நம்பி ஏழு வரிகள் தைத்ததில், ஒவ்வொரு வரியின் முடிவிலும் மேல்துணி முன்னால் தள்ளப்பட்டு மிதக்கிறது. இடையிடையே தையல் விழாமலும் போயிருக்கிறது. மடிப்பை அடக்க மின்னழுத்தியை வைத்தபோது, ஓரத்திலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே, அதன் நுனி பட்ட இடத்தில் ஃபிளீஸின் மயிர் படிந்து, மெழுகு தேய்த்தாற்போல் பளபளத்து இறுகிவிட்டது. இதைத் தொடரலாமா, அல்லது எல்லாவற்றையும் பிரிக்க வேண்டுமா?

மறுமொழி (தெஹிவளை)

தங்கச்சி, தொடர வேண்டாம். ஏழு வரிகளோடு நிறுத்தியது நல்லது.

ஃபிளீஸ் நெய்த துணியன்று. அது பொலியெஸ்டர் நூலால் பின்னி, பிறகு மயிர் எழுப்பிய துணி. இழுத்து ஒட்டினால் நீளும், விட்டவுடன் தன் அளவுக்குத் திரும்பும். மேலிருக்கும் பருத்தி நெசவு அதனோடு சேர்ந்து சுருங்க வழியில்லாததால் மடிகிறது. நீங்கள் நாடாவைக் கழற்றியபோது கண்டது இதைத்தான். தையல் அதை நிலைப்படுத்தியது, அவ்வளவே.

சில விவரங்கள் வேண்டும். தையலின் நீளம் எத்தனை மில்லிமீற்றர்? ஊசியருகே துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம் சாதாரணமானதுதானா? வெட்டித் தள்ளிய ஃபிளீஸ் துண்டொன்றில் 10 சென்ரிமீற்றர் குறித்து, நெடுக்கேயும் குறுக்கேயும் இழுத்துப் பார்த்து அளவைச் சொல்லுங்கள்.

மறுமொழி (கொட்டாஞ்சேனை)

இரண்டு ஃபிளீஸ் குவில்ட்களைத் தைத்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: நடுப்பஞ்சை எடுத்துவிடுங்கள். ஃபிளீஸ் தானே காற்றைத் தேக்கி வைத்துச் சூடு தரும் துணி. பஞ்சும் சேர்ந்தால் பாரம் கூடி, இயந்திரத்தின் கழுத்துக்குள் சுருட்டித் தள்ளவே இரண்டு பேர் வேண்டியிருக்கும். பருத்திப் பஞ்சு தோய்த்தால் சுருங்கும், ஃபிளீஸ் சுருங்காது. அந்த இழுபறியும் மிச்சம். பஞ்சில்லாத குவில்டில் மேல்துணியின் தையல் வரிகள் பொம்மிக்கொண்டு நிற்காது என்பது உண்மைதான், ஆனால் ஒரு பிள்ளை போர்த்திக்கொள்ள அது குறையன்று.

பொபின் (அடிநூல் சுற்றிய உருளை) இருக்கும் அறையையும் திறந்து பாருங்கள். என் இயந்திரத்தில் முதல் மூன்று வரிகளுக்குள்ளேயே விரல் பருமனுக்கு நூற்பஞ்சு சேர்ந்திருந்தது.

கேட்டவர்

அக்கா, தையல் 2.5 மில்லிமீற்றர், பாதமும் சாதாரணமானதுதான். குறுக்கே இழுத்தபோது 10 சென்ரிமீற்றர் 13 வரை வந்தது, நெடுக்கே 11ஐத் தாண்டவில்லை. நான் தைத்த வரிகள் யாவும் குறுக்காகவே போயிருக்கின்றன. பொபின் அறையைத் திறந்தேன்; நீலப் பஞ்சு நிறைந்திருந்தது, வெட்கமாகிவிட்டது.

மறுமொழி (தெஹிவளை)

அப்படியானால் காரணங்கள் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. கூடுதலாக இழுபடும் திசையிலேயே வரிகள் ஓடியிருக்கின்றன. குட்டையான தையல் ஃபிளீஸை நெருக்கி நீட்டியிருக்கிறது. அடியிலுள்ள பற்கள் ஃபிளீஸை இழுத்துச் செல்ல, மேற்பாதம் பருத்தியைப் பிடித்துத் தடுத்திருக்கிறது. மேல், கீழ் இரண்டையும் ஒரே வேகத்தில் நகர்த்தும் வோக்கிங் ஃபூட் கிடைத்தால் மாட்டுங்கள், கிடைக்காவிட்டால் பாதத்தின் அழுத்தத்தைக் குறைத்து, சேஃப்டி பின்களை ஓர் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றென்று நெருக்கமாகக் குத்துங்கள். தையலை 3.5 முதல் 4 மில்லிமீற்றர் வரை வையுங்கள். ஊசி 90ஆம் அளவு அல்லது பின்னல் துணிக்குரிய மழுங்கல் முனை ஊசியாக இருக்கட்டும். தையல் விட்டுப்போவது பெரும்பாலும் அதனோடு நின்றுவிடும்.

பிரிக்கும்போது ஃபிளீஸ் பக்கம் கத்திமுனையைக் கொண்டுபோக வேண்டாம், நூல் மயிருக்குள் புதைந்திருப்பதால் துணியைத்தான் வெட்டுவீர்கள். பருத்திப் பக்கத்தில் மூன்று நான்கு தையலுக்கு ஒன்றாக வெட்டிவிட்டு, பின்பக்கத்து நூலைப் பிடித்து மெல்ல இழுத்தால் நீளமாக வந்துவிடும்.

மறுபடி விரிக்கும்போது ஃபிளீஸைத் தரையில் கையால் தடவிச் சமப்படுத்தினால் போதும். நாடா ஒட்டுவதானால் மூலைகளில் மட்டும், இழுக்காமல் ஒட்டுங்கள். வரிகளை நெடுக்காக, எல்லாவற்றையும் ஒரே முனையிலிருந்து தொடங்கித் தையுங்கள். திசை மாறி மாறித் தைத்தால் துணி சாய்வாக நெளியும். பஞ்சில்லாவிட்டால் வரிகளுக்கிடையே நாலு அங்குலம் விடலாம்.

உருகிய இடம் பழைய நிலைக்கு வராது. ஆனால் ஃபிளீஸ் அகலத்தில் ஆறு அங்குலம் மிச்சமுள்ளது அல்லவா. மறுபடி வைக்கும்போது அந்த ஓரம் வெட்டுப்படும் பகுதிக்குள் விழும்படி நகர்த்துங்கள். இனி மின்னழுத்தியைப் பருத்திப் பக்கத்தில் மட்டும், குறைந்த சூட்டில், ஒரு துணியை இடையில் வைத்துப் பிடியுங்கள்.

கேட்டவர்

ஒரு வரியைச் சொன்னபடி பிரித்துப் பார்த்தேன். பின்பக்க நூல் ஒரு முழம் ஒரே இழுப்பில் வந்தது. பஞ்சை எடுத்துவிட முடிவு செய்துவிட்டேன். இன்னுமொரு சந்தேகம்: புதுத் துணிகளைத் தோய்க்காமலேயே தைத்துவிட்டேன். அது பிறகு சிக்கலாகுமா?

மறுமொழி (கொட்டாஞ்சேனை)

புதுப் பருத்தி முதல் தோய்ப்பில் நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து வரை சுருங்கக்கூடும். 64 அங்குலத்தில் அது இரண்டு, மூன்று அங்குலம். உங்களுடையதில் பாதி பழஞ்சேலை என்பதால் அவ்வளவு வராது, ஆனால் சதுரத்துக்குச் சதுரம் வேறுபடும். மேல்துணியைச் சலவை இயந்திரத்தில் போட்டால் உள் ஓரங்கள் இழை பிரியும். வாளியில் வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பிழியாமல் எடுத்து, நிழலில் கிடையாக உலர்த்துங்கள். நீர் சாயமேறினால் தெளியும்வரை அலசுங்கள். உங்கள் தங்கையிடம், குளிர்நீரில் தோய்த்து, உலர்த்தியில் குறைந்த சூட்டில் போடச் சொல்லுங்கள். மென்மையாக்கும் திரவத்தைத் தவிர்க்கட்டும், அது மயிரில் படிந்து பிசுபிசுப்பாகும்.

கேட்டவர்

மற்ற ஆறு வரிகளையும் பிரித்துவிட்டு, மேல்துணியை இன்று காலை ஊறவைத்தேன். சிவப்புச் சதுரங்கள் மட்டும் இரண்டு வாளி நீரைக் கலக்கின, மூன்றாவது தெளிந்தது. அது உலரும் வரைக்கும் காத்திருக்கிறேன்.