64 ஜிபி போனுக்கு கேச் அழிச்சா போதுமா?

மேட்டுலயத்தான்:
பதுளை டெக் நேத்து இங்க எழுதினது இது: "64 ஜிபி தாராளம். காலையில ஒருக்கா, ராவைக்கு ஒருக்கா கேச் அழிங்க. போட்டோ ஒன்னையும் தொட வேணாம்." வாசிச்சதுல இருந்து எனக்கு மனசு ஆறல. கேச்ங்கிறது ஆப் வேகமா ஓட தற்காலிகமா சேத்து வைக்கிற ஃபைல், அழிச்சாலும் திரும்பி வரும். ஆப்பைத் திறந்தாலே மறுபடி இறக்க ஆரம்பிச்சிரும், அதுவும் நம்ம டேட்டாவுல. எங்க தோட்டத்து டிவிஷன்ல சிக்னல் புடிக்கணும்னா கோயில் மேட்டுக்கு ஏறணும். காலையில அழிச்சத அந்திக்குக் காசு குடுத்துத் திரும்ப இறக்கச் சொல்றீங்களா?

பதுளை டெக்:
திரும்பி வந்தா என்ன தம்பி, திரும்ப அழிங்க. நேத்து என் போன்ல 4 ஜிபி கெடச்சிச்சு. பத்து வருசமா போன் திருத்துறவன் சொல்றேன்.

மேட்டுலயத்தான்:
அந்த 4 ஜிபி இன்னைக்கு எங்க? அத ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுங்க.

தலவாக்கலை அக்கா:
ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க. என் போன நெறச்சது வாட்ஸ்அப். செட்டிங்ஸ்ல 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா', அதுக்குள்ள 'மேனேஜ் ஸ்டோரேஜ்' போனா 5 எம்பிக்கு மேல உள்ளதெல்லாம் தனியா நிக்கும். கோயில் கமிட்டி, ஸ்கூல், சங்கம் மூணு குரூப்புலயும் ஒரே வீடியோ வந்து கெடந்துச்சு. அதுகளத் தூக்கினேன், 9 ஜிபி மிச்சம்.

மேட்டுலயத்தான்:
அதத்தான் அக்கா நானும் சொல்றேன். இன்னொன்னும் இருக்கு. நாம அனுப்புற வீடியோவுக்கு வாட்ஸ்அப் 'சென்ட்'ங்கிற ஃபோல்டர்ல ஒரு நகல் வச்சிக்கும். கேலரியில அது கண்ணுக்குத் தெரியாது. மாசியில எங்க தோட்டத்து காமன் கூத்த எடுத்து அனுப்பினேன். கேமராவுல ஒன்னு, சென்ட்ல ஒன்னு. கேச்ச நூறு தடவ அழிச்சாலும் அந்த நகல் அசையாது. பதுளை டெக் இதப் பத்தி ஒரு வரி எழுதினாரா?

மஸ்கெலியா 77:
கூகிள் போட்டோஸ்ல ஏத்திட்டு போன்ல அழிங்கப்பா. சும்மாதானே குடுக்குறான்.

மேட்டுலயத்தான்:
அளவில்லாம சும்மா குடுத்தது 2021 ஜூன் 1ஓட முடிஞ்சிச்சு. இப்ப ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் எல்லாத்துக்கும் சேர்த்து 15 ஜிபிதான். அழிக்கிறதா இருந்தா ஏறி முடிஞ்சதப் பாத்துட்டு 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்'ல அழிங்க. அந்த ஆப்புக்குள்ள குப்பைத்தொட்டிய அமுக்கினா போன்லயும் போயிரும், கூகிள்லயும் போயிரும். குப்பையில 60 நாள் கெடக்கும், அதுக்குள்ள எடுக்காட்டி அவ்வளவுதான்.

மஸ்கெலியா 77:
அப்ப மெமரி கார்ட். ஹட்டன் டவுன்ல ரோட்டோரமா 1 டிபி கார்ட் கொறஞ்ச வெலைக்கு விக்கிறாங்க.

பதுளை டெக்:
அது போலி. 1 டிபின்னு காட்டும், உள்ளுக்கு இருக்கிறது 32ஓ 64ஓ. நெறஞ்சதுக்கப்புறம் பழைய படத்து மேலயே எழுதும். என்கிட்ட அழுதுகிட்டு வர்றவங்க இந்தக் கார்ட வாங்கினவங்கதான்.

மஸ்கெலியா 77:
ஹட்டன்ல விக்கிறதெல்லாம் போலி, பதுளையில விக்கிறதெல்லாம் ஒரிஜினலா? உங்களுக்கு எப்பவும் எங்க டவுன் மேல ஒரு கண்ணு. போன வருசம் சார்ஜர் விசயத்துலயும் இப்படித்தான் பேசினீங்க.

பதுளை டெக்:
சார்ஜர் விசயத்துல நான் சொன்னதுதான் சரி. இன்னும் சரி.

மேட்டுலயத்தான்:
கார்டையும் சார்ஜரையும் விடுங்க. கேச்சுக்கு வாங்க. நான் ஏன் இவ்வளவு சூடாகுறேன்னு சொல்றேன். எங்கம்மா கொழுந்து எடுக்குறவங்க. 2021ல ஆயிரம் ரூபா நாள் சம்பளம் வந்ததுக்கப்புறம் எங்க தோட்டத்துல ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய கொழுந்து கிலோவக் கூட்டிட்டாங்க. கொறஞ்சா அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளந்தான். அதனால அம்மா தெனமும் எத்தன கிலோன்னு போன்ல ஒரு குறிப்பு ஆப்புல போட்டு வந்தாங்க, ஏழு மாசம். போன் நெறஞ்சிருச்சுன்னு டவுன்ல ஒரு கடைக்குக் கொண்டு போனாங்க. "கேச் அழிக்கிறேன்"னு சொல்லி அந்தப் பையன் ஆப் டேட்டாவ அழிச்சிட்டான். ஒரு வரி மிஞ்சல. ஆபீஸ்ல கணக்குக் கேக்கப் போனப்ப காட்ட எங்ககிட்ட ஒன்னுமில்ல.

பதுளை டெக்:
அம்மாவுக்கு நடந்தது கவலதான். ஆனா அது கிளியர் ஸ்டோரேஜ் அமுக்கினவன் பிழை. நான் சொன்னது கிளியர் கேச். கேச் அழிச்சு ஒருத்தருக்கும் குறிப்பு போனதில்ல.

மேட்டுலயத்தான்:
ரெண்டு பட்டனும் ஒட்டி ஒட்டி இருக்கு! எங்கம்மாவுக்கு இங்கிலீஷ் வாசிக்க ஏலாது. தெனமும் ரெண்டு தடவ அமுக்குங்கன்னு ஊருக்கே சொல்றவரு, பக்கத்துப் பட்டன அமுக்கிறாதீங்கன்னு ஏன் சொல்லல?

பதுளை டெக்:
போன் மொழியத் தமிழுக்கு மாத்திக் குடுங்க. மகன் செய்ய வேண்டிய வேல அது, என்மேல ஏன் பாயிறீங்க?

தலவாக்கலை அக்கா:
அவங்க வீட்டு விசயத்த இழுக்காதீங்க அண்ணே. அது நல்லால்ல.

பதுளை டெக்:
நானா இழுத்தேன்? அவருதானே அம்மாவக் கொண்டாந்தாரு.

மேட்டுலயத்தான்:
கேச் திரும்பி வருமா, வராதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

பதுளை டெக்:
இப்பதான் மறுபடி அழிச்சேன். 3.8 ஜிபி கெடச்சிச்சு. ஸ்கிரீன்ஷாட் கீழ.

மேட்டுலயத்தான்:
நேத்து 4 ஜிபி அழிச்சீங்க. இன்னைக்கு 3.8 எங்கிருந்து வந்துச்சு?

பதுளை டெக்:
வரட்டும். நாளைக்கும் அழிப்பேன்.