மறு: ‘ஸ்கோப்’ – ‘பெயரெல்லை’ என்னும் முன்மொழிவு

வணக்கம்.

நிரலில் ஒரு மாறியின் பெயர் செல்லுபடியாகும் பகுதியே ‘ஸ்கோப்’; அதற்குத் தமிழ்ச் சொல்லாக இவ்விழையில் முன்வைக்கப்பட்ட ‘வரம்பு’, ‘செயலெல்லை’ ஆகிய இரண்டையும் நோட்.ஜேஎஸ் (உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் மென்பொருள், சுருக்கமாக நோட்) நிரலில் பொருத்திப் பார்த்தேன். ‘வரம்பு’ உச்ச அளவுக்கு ஏற்கெனவே புழங்குவதால் அதை விட்டுவிடலாம். ‘செயலெல்லை’யில் உள்ள இடர் சற்று நுட்பமானது.

நிரலைப் பல கோப்புகளாகப் பிரித்து இணைக்கும் வழிகளுள் ஒன்றான காமன்ஜேஎஸ் முறையில் எழுதிய ஒவ்வொரு கோப்பையும் இயக்குமுன் நோட் அதனை ஒரு சார்புக்குள் (ஃபங்ஷன்) பொதிந்துவிடுகிறது. வெளியே தருபவற்றை வைக்கும் எக்ஸ்போர்ட்ஸ், வேறு கோப்பை அழைக்கும் ரெக்வயர், அக்கோப்பையே குறிக்கும் மாட்யூல், கோப்பின் பாதை, கோப்புறையின் பாதை ஆகிய ஐந்தும் அச்சார்புக்கு உள்ளீடுகளாகச் செல்கின்றன. ஆகவே கோப்பின் மேல்மட்டத்தில் ‘வார்’ இட்டு அறிவித்த மாறி, உலாவியின் சாதாரண ஸ்கிரிப்டில் எங்கும் தெரிவதுபோல் இங்கே வெளியே தெரிவதில்லை. ஆனால் மறைவது பெயர் மட்டுமே. ‘எண்ணிக்கை’ என்றொரு மாறியை (ஜாவாஸ்கிரிப்ட் தமிழ்ப் பெயர்களையும் ஏற்கும், நம்மில் பலர் பயன்படுத்துவதில்லை) அறிவித்து, அதைக் கூட்டும் சார்பை மட்டும் வெளியே தந்தால், பொதிந்த சார்பு முடிந்த பின்னும் அம்மாறி நினைவகத்தில் நிலைத்திருக்கும். முதல் ரெக்வயரின் விளைவை நோட் தேக்கிவைத்துக்கொள்வதால், ஒரே புராசஸில் (நிரலின் ஒரே இயக்கத்தில்) அக்கோப்பை அழைக்கும் வேறு இரு நிரற்கூறுகள் (மாட்யூல்கள்) அதே பொருளைப் பெற்று, அதே எண்ணிக்கையையே கூட்டும். மாறியின் செயல் இவ்வளவு தொலைவு பரவுகையில் அதற்குச் ‘செயலெல்லை’ என்று பெயரிடுவது கற்பவரைத் தவறான இடத்துக்கு இட்டுச்செல்லும். எல்லை பெயருக்குத்தான் என்பதால் ‘பெயரெல்லை’யை முன்மொழிகிறேன். சார்புப் பெயரெல்லை, நிரற்கூற்றுப் பெயரெல்லை, முழுதளாவிய பெயரெல்லை என அது தடையின்றிக் கூட்டுச்சொல்லாகிறது. பெயர்களைத் தொகுத்துவைக்கும் ‘நேம்ஸ்பேஸ்’ஐக் குறிக்கும் ‘பெயர்வெளி’யோடு மயங்கும் என்பீர்களானால், இரண்டும் பெயர்களைப் பற்றிய கருத்துகளே என்பதால் அவ்வுறவு சொல்லில் தெரிவது நன்றே என்பது என் கருத்து.

இதையொட்டி இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. காமன்ஜேஎஸில் ‘எண்ணிக்கை’ மாறியின் எண்ணை எக்ஸ்போர்ட்ஸில் நேரே வைத்தால் அந்நேரத்து மதிப்பின் நகல்தான் போகும். பின்னர் மாறியைக் கூட்டினாலும் பெற்றவருக்குப் பழைய எண்ணே தெரியும். 2015இல் தரப்படுத்தப்பட்ட ஜாவாஸ்கிரிப்டின் இம்போர்ட் முறையிலோ, பெற்றவர் புதிய மதிப்பைக் காண்பார், ஆனால் அப்பெயருக்குத் தாமாக வேறு மதிப்பை இட இயலாது. இந்த ‘லைவ் பைண்டிங்’கை ‘நிகழ்பிணைப்பு’ எனலாமா? ‘நிகழ்நிலை’ என்பதைப் பலர் ‘ஆன்லைன்’ என்னும் பொருளில் ஆள்வதால் எனக்கே முழு நிறைவில்லை. பொருத்தமான வேறு சொல் இருப்பின் தெரிவிக்க வேண்டுகிறேன்.